மூன்றாவது வரி நீளம்

நாஷ்வில் இசைக் கம்பெனிக்காரர்களால் எங்களை விலைக்கு வாங்க முடியாது என்று கேஜ் ராலின்ஸ் மேடைக்கு மேடை சொல்வான். கூட்டம் கை தட்டும். நாஷ்வில் இதுவரை எங்களிடம் விலையே கேட்டதில்லை என்பதை அவன் சொல்வதில்லை. கூட்டமும் தோண்டிக் கேட்பதில்லை.

கேஜ் எங்கள் பாடகன். நெஸ்டர் டிரம்ஸ். டூலி பேஸ் கிட்டார் வாசிப்பான், வேன் ஓட்டுவான், பேசமாட்டான். நான் வெண்டல், ஸ்டீல் கிட்டார். பதினொரு வருஷமாக டெக்சாஸ் முழுக்க ஒரே வேனில் சுற்றிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் பாடுவது அவுட்லா பாட்டு; கம்பெனிக்கும் அடங்காத, சட்டத்துக்கும் அடங்காத மனுஷனின் பாட்டு. கேஜின் அப்பா டாலஸ் பக்கத்தில் பல் டாக்டர். அவர் வைத்த பெயர் ஃபிலிப். ஒரு தடவை லபக் ஊரில், வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்திய அபராதத்தைக் கட்டாததற்காக கேஜை நாலு மணி நேரம் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அந்த நாலு மணி நேரத்திலிருந்து இதுவரை மூன்று ஜெயில் பாட்டு வந்திருக்கிறது. அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் கறுப்புத் தொப்பி வைத்துக்கொண்டு முறைத்தபடிதான் உட்கார்ந்திருப்பேன். என் மேல் ஒரு பெட்டி கேஸ்கூடக் கிடையாது.

மார்ச் மாதம் என் பெண்சாதி நெல்டா, கெர்வில்லில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். பத்தொன்பது வருஷக் கல்யாணம். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுவதற்கு நான் வீட்டில் இருக்க வேண்டுமே.

காரணம் எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய நவம்பரில் அவள் அம்மா சான் ஆஞ்சலோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நெல்டா போன் செய்தபோது நாங்கள் டல்சாவில் இருந்தோம். இன்னும் இரண்டு நிகழ்ச்சி பாக்கி. "சனிக்கிழமை முடிஞ்சதும் கிளம்பி வந்துடறேன்" என்றேன். "அவங்க விடமாட்டாங்களா?" என்று கேட்டாள். "எப்படி விடுவாங்க?" என்றேன். வெள்ளிக்கிழமை அம்மா போய்விட்டார். அடக்கத்துக்குச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கறுப்புச் சட்டை தேட வேண்டிய வேலைகூட இல்லை, எல்லாமே கறுப்புதான்.

அவள் தங்கை சொன்னாள்: "போன்ல உன் குரலக் கேட்டாலே வச்சுடுறா. எழுதிப் போடு. எழுதினா படிப்பா, அக்காவப் பத்தி எனக்குத் தெரியும்."

எழுதினேன். மோட்டல் மேஜையில் கிடந்த தாளில், இரண்டு பக்கம். அதோடு உறையில் போட்டு ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் வேனில் ஒரு பழக்கம் இருக்கிறது. யார் எதை எழுதினாலும், பாட்டோ பல்லவியோ, ஓடும் வண்டியில் சத்தமாகப் படித்துவிட வேண்டும். நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்லக் கூடாது. எது இடிக்கிறது என்று மட்டும்தான் சொல்லலாம். பதினொரு வருஷமாக இப்படித்தான் எங்கள் பாட்டுகள் உருப்பட்டிருக்கின்றன. கடிதமும் பாட்டும் வேறு என்று எனக்குத் தோன்றவில்லை. அபிலீன் தாண்டியதும் தாளை எடுத்துப் படித்தேன்.

முதல் வரி, வீடு எப்படி இருக்கிறது என்று. இரண்டாவது, படுக்கையில் அவள் பக்கத்தில் மடிக்காத சலவைத் துணியைக் குவித்து வைத்துக்கொண்டு தூங்குகிறேன், இருட்டில் பார்த்தால் யாரோ இருப்பது போல இருக்கிறது என்று. மூன்றாவது வரி அவள் அம்மாவைப் பற்றியது. அதை அப்படியே இங்கே வைக்கிறேன்:

"டல்சாவிலிருந்து ஏழு மணி நேரம்தான் என்று அன்றைக்கே பார்த்து வைத்திருந்தேன், கேஜ் போகச் சொன்னான், வேன் சாவியைக்கூடக் கையில் கொடுத்தான், அவர்கள் விடவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய், எனக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம், உன் அம்மாவை அந்தக் கோலத்தில் பார்க்கப் பயம், நீ அழுதால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத பயம், அதனால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசிக்கப் போனேன்."

படித்து முடித்தேன். டூலி கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான். நெஸ்டர் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தான்.

"மூணாவது வரி நீளம், மாப்ள" என்றான். "மூச்சு முட்டுது. முன்னாடி ரெண்டும் சிக்குனு இருக்கு. இதுல வந்து தடுக்கி விழுது."

"அது முக்கியமான விஷயம்டா."

"முக்கியமானதுதான் சுருக்கமா இருக்கணும். சலவைத் துணி அருமையா வந்திருக்கு பாரு. அதுலயே எல்லாம் இருக்கு. இத எடுத்துட்டா கணக்கா உக்காரும்."

கேஜ் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேஜ் பேசாமல் இருந்தால் எதையோ எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறான் என்று அர்த்தம்.

அந்த வரியை அடித்தேன். நெஸ்டர் சொன்னதற்காக மட்டும் அடித்தேன் என்றால் அது இன்னொரு பொய். அடிக்கும்போது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பிறகு மற்ற வரிகளை இழைத்து இழைத்து ஐந்து வாரம் வைத்திருந்தேன்.

ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை, கேஜின் மச்சான் வீட்டு கார் ஷெட்டில் புதுப் பாட்டு பதிவு. வால்ட்ஸ் தாளம், ஜோடியாக ஆடுவதற்கானது. கேஜ் வாயைத் திறந்தான். வீடு எப்படி இருக்கிறது என்று பாடினான். பிறகு சலவைத் துணி வந்தது. பாட்டின் பெயரே 'மடிக்காத துணி'.

இசை நின்றதும் சொன்னேன். "கேஜ், இது என் லெட்டர்."

"லெட்டர் நெல்டாவுக்கு, பிரதர். பாட்டு ஊருக்கு" என்றான். அவனுக்கு எல்லாரும் பிரதர்தான், சில நேரம் பெண்களும். "உன் வலிய நான் சுமக்கறேன். அதுக்குத்தானே நாம இருக்கோம்."

நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பாட்டு நன்றாக இருந்தது, அதுதான் சங்கடம். நடுவில் பதினாறு ஆவர்த்தனம் ஸ்டீல் கிட்டாருக்கு மட்டும் விட்டிருந்தான். கம்பி மேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு, மிதியை மிதித்து, என் துக்கத்தையே வாசித்தேன். வாசித்துவிட்டு, இன்னும் நன்றாக வரும், இன்னொரு தடவை எடுக்கலாம் என்று நானே சொன்னேன்.

இங்கேதான் சுயேச்சையாக இருப்பதன் பலனைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் இருந்திருந்தால் அந்தப் பாட்டு வெளியே வர ஒரு வருஷம் ஆகியிருக்கும். கமிட்டி கூடும், கோட்டுப் போட்டவர்கள் தலையை ஆட்டுவார்கள், அட்டைக்குப் போட்டோ எடுப்பார்கள். நாங்கள் யாருக்கும் அடங்காதவர்கள். செவ்வாய்க்கிழமை பதிவு, வெள்ளிக்கிழமை காலை கெர்வில் ரேடியோவில் ஒலித்தது. நான் வியாழக்கிழமை தபாலில் போட்ட கடிதம் திங்கள்கிழமை போய்ச் சேர்ந்தது.

அன்று சாயங்காலம் நெல்டாவிடமிருந்து போனில் ஒரு செய்தி. ஏழு மாதத்தில் அவள் எனக்கு எழுதிய முதல் செய்தி.

"கேஜோட பாட்ட அழகா காப்பி பண்ணி அனுப்பியிருக்க. கவர் மேல இருந்த அட்ரஸ் மட்டும் உன் சொந்த எழுத்துன்னு நினைக்கறேன். சந்தோஷம்."

கேஜிடம் காட்டினேன். படித்தான். தொப்பியைக் கழற்றினான். கேஜ் தொப்பியைக் கழற்றி நான் பார்த்தது அதுவரை இரண்டு தடவைதான். ஒன்று அடக்கத்தில், இன்னொன்று முடி கொட்டுகிறதா என்று டூலியிடம் கேட்டபோது.

"நானே சொல்லிடறேன்" என்றான். "ஞாயித்துக்கிழமை ஆல்ட்மன் ஹாலுக்கு வரச் சொல்லு. மைக்லயே சொல்றேன். ஊரறியச் சொல்றேன், இது வெண்டலோட வார்த்தைன்னு."

தங்கை மூலமாகச் சொல்லி அனுப்பினேன். வருவாள் என்று பதில் வந்தது. "பாட்டு கேக்க இல்ல, ஒண்ணு கேக்கணுமாம்" என்றாள் தங்கை. என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஆல்ட்மன் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஆட்டம். சர்ச் முடிந்து, இறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு, குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஆடுகிறவர்களின் கால் வழுக்குவதற்காகத் தரையில் தூவிய மாவில் குழந்தைகள் சறுக்கி விளையாடும். அடங்காதவர்களாகிய நாங்கள் அந்தக் குழந்தைகள் முன்னால் கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்று ஹாலைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் ஓபல் ஒவ்வொரு தடவையும் எச்சரிப்பார். கேஜ் "சரிங்க மேடம்" என்பான்.

நெல்டா மூன்றரைக்கு வந்தாள். பச்சைச் சட்டை, பழைய பூட்ஸ். ஒரு சோடாவை வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்றாள். இளைத்திருந்தாள் என்று சொல்ல ஆசை. நன்றாகத்தான் இருந்தாள்.

ஐந்தாவது பாட்டு முடிந்ததும் கேஜ் மைக்கைப் பிடித்தான். என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை அசைத்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். இருநூறு முகம். முன்வரிசையில் ஒரு பெண் ஏற்கனவே கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தாள்.

"இந்தப் பாட்டு..." என்றான். நிறுத்தினான். "இந்தப் பாட்டு வந்த இடம் ஒரு மோசமான இடம். லபக்ல, கம்பிக்குப் பின்னாடி, ஒரு ராத்திரி. கையில ஒண்ணும் இல்ல. ஒரு பென்சில். ஒரு மனுஷன் இழந்ததெல்லாம்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. லபக்கில் அவன் உட்கார்ந்தது மத்தியானம் இரண்டிலிருந்து ஆறு. பென்சில்கூட ஸ்டேஷன் ரைட்டருடையது. அவனைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. மைக்கைப் பார்த்ததும் அவன் வாய் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும், மாடு கொட்டகைக்குத் திரும்புவது மாதிரி. நெஸ்டர் தாளத்தை ஆரம்பித்தான்.

அப்போதுதான் மிஸ்டர் எமில் எழுந்தார். வயது எண்பத்தி நாலு, பெண்சாதி போய் ஆறு வருஷம். வால்ட்ஸ் என்றால் அவர் சும்மா உட்காரமாட்டார், அவர் வந்து கேட்டால் எந்தப் பெண்ணும் மறுக்கமாட்டாள், அது அந்த ஊர் வழக்கம். நேராகச் சுவரோரம் போய் நெல்டா முன்னால் நின்று தொப்பியைத் தொட்டார். நெல்டா சோடாவை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

எங்கள் ஹால்களில் எல்லா ஜோடியும் ஒரே திசையில் வட்டமாகப் போகும், செக்கு மாதிரி. ஆகையால் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாரும் மேடை முன்னால் வந்தே தீர வேண்டும். முதல் சுற்றில் வீடு எப்படி இருக்கிறது என்று கேஜ் பாடும்போது அவள் என்னைக் கடந்தாள், பார்க்கவில்லை. இரண்டாவது சுற்றில் சலவைத் துணி. பார்த்தாள். மூன்றாவது சுற்றில் என் பதினாறு ஆவர்த்தனம் வந்தது. மிஸ்டர் எமிலுக்கு மூச்சு வாங்கியதோ என்னவோ, மேடைக்கு நேர் எதிரே வேகத்தைக் குறைத்து நின்ற இடத்திலேயே ஆடினார். நான் வாசித்து முடிக்கும்வரை நெல்டா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக வாசித்தேன். அந்த நேரத்தில் தப்பாக வாசித்திருந்தாலாவது மனுஷனாக இருந்திருப்பேன்.

முதல் பாதி முடிந்ததும் வெளியே ஓக் மரத்தடியில், அவள் பிக்கப் வண்டி பக்கத்தில் போய் நின்றேன். அவள் வருவதற்கு முன்னால் கேஜ் ஓடி வந்தான். மைக் இல்லாத இடத்தில் கேஜ் நல்லவன். தொப்பி கையில் இருந்தது.

"மேடம்" என்றான் நெல்டா வந்ததும். "அந்த வார்த்தையெல்லாம் வெண்டலோடது. நான் சுட்டது. அவன் லெட்டர் முதல்ல, என் பாட்டு அப்புறம். உள்ள சொல்லணும்னுதான் நினைச்சேன். வாய் வேற எங்கயோ போயிடுச்சு."

"அது தெரியும், ஃபிலிப்" என்றாள் நெல்டா. "முதல்ல கோவத்துல தெரியல. ரெண்டு நாள் கழிச்சுப் புரிஞ்சுது. சலவைத் துணியப் பத்தி நீ எப்படி எழுதுவ? உன் துணிய இன்னும் உங்கம்மாதானே துவைச்சுப் போடறாங்க."

கேஜ் தலையைக் குனிந்துகொண்டான். "திங்கக்கிழமை மட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனான்.

எனக்கு உயிர் வந்தது. தெரிந்துவிட்டது, இனி என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள். "லெட்டர அஞ்சாறு தடவ படிச்சேன். துணி இருக்கு, வீடு இருக்கு, காபி கப்பு இருக்கு. எங்கம்மா இல்லையே. பாட்டுல எங்கம்மா எதுக்கு, சரி. லெட்டர்ல?"

"இருந்துச்சு."

"எங்க?"

"முதல்ல எழுதினதுல இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"ஏன்?"

"நீளமா இருக்குன்னு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "யார் சொன்னா?"

"நெஸ்டர்."

"நெஸ்டரா? அவன் எங்க பாத்தான்?"

"வேன்ல படிச்சேன்."

"சத்தமா?"

"சத்தமா."

நெல்டா பிக்கப்பின் பின் கதவைத் தடவிக்கொண்டு நின்றாள். உள்ளே யாரோ கிட்டாரைச் சுருதி சேர்க்கும் சத்தம். "சரி, சொல்லு" என்றாள். "நீளமாவே சொல்லு. எனக்கு அவசரம் இல்ல."

சொன்னேன். அடித்த வரியை எல்லாம் சொன்னேன், வரிசை மாறி, திக்கித் திக்கி. ஏழு மணி நேரம். சாவி. விடமாட்டார்கள் என்று சொன்ன பொய். பயம். கையை எங்கே வைப்பது என்பதையும் சொன்னேன். சொல்லும்போதும் என் கைகள் சும்மா தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

பின் கதவின் தாழ்ப்பாளைத் திறந்து மறுபடி மூடினாள்.

"அம்மா கேட்டாங்க, தெரியுமா?" என்றாள் கடைசியில். "வெண்டல் வரலையான்னு. அந்தப் பசங்க விடமாட்டேங்கறாங்கம்மான்னு சொன்னேன். 'பாவம், பொழைப்பு அப்படி'ன்னாங்க. உனக்காகப் பரிதாபப்பட்டுட்டுப் போனாங்க."

நான் காலடியில் கிடந்த சரளைக் கல்லைப் பார்த்தேன்.

"இத நீ லெட்டர்ல எழுதியிருந்தா, அன்னைக்கே வண்டி எடுத்துட்டு வந்து உன்ன நாலு அறை அறைஞ்சிருப்பேன். அறைஞ்சுட்டு வீட்லயே இருந்திருப்பேன்."

"இப்ப அறையேன், நெல்டா."

"இப்பவா?" சிரித்தாள், சிரிப்பு மாதிரி ஒன்று. "சாவியக் கையில குடுத்தது கேஜ், அதனால அவனுக்குத் தெரியும். டூலிக்குத் தெரியும். நெஸ்டருக்குத் தெரியும், தெரிஞ்சு, அது தாளத்துல உக்காரலன்னு சொல்லியிருக்கான். எங்கம்மா சாவு விஷயம் எனக்கு நாலாவதா வந்திருக்கு. அதுவும் நான் வந்து கேட்டதால."

"எல்லாத்தையும் அவங்ககிட்ட படிச்சுத்தான் பழக்கம். தப்புன்னு தோணவே இல்ல."

"அது தெரியும், வெண்டல். அதான் போறேன்."

வண்டியில் ஏறினாள். கதவை அறைந்து சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். ஜன்னல் வழியே கை நீட்டி என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்; பத்தொன்பது வருஷப் பழக்கம், கை தானாகச் செய்தது. செய்துவிட்டு, சுட்டுக்கொண்டது போலக் கையை இழுத்துக்கொண்டாள். சரளைக் கல்லில் வண்டி திரும்பி ரோட்டில் ஏறும்வரை நின்றேன். கெர்வில் பக்கம்தான் போயிற்று.

மிஸ் ஓபல் வாசலில் வந்து நின்றார். "கண்ணு, உள்ள உன்னத் தேடறாங்க" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்கவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்து விரலில் கம்பி மீட்டும் உலோக நகங்களை மாட்டினேன். கைக்குட்டைப் பெண் 'மடிக்காத துணி'யை மறுபடி வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தாள். கேஜ் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியாது. அவன் மைக்கைக் கிட்டே இழுத்தான்.

"முன்னாடி நான் ஒரு பொய் சொன்னேன்" என்றான். "இத எழுதினது நான் இல்ல. அந்த ஸ்டீல் கிட்டாருக்குப் பின்னாடி உக்காந்திருக்கானே, வெண்டல், அவன். அவன் பெண்சாதிக்கு எழுதினது."

பிறகு ஹாலே எழுந்து நின்று கை தட்டியது. யாரோ சீட்டி அடித்தார்கள். கைக்குட்டைப் பெண் என்னைப் பார்த்து அழுதாள். எல்லாரும் காத்திருந்ததால் தொப்பியின் விளிம்பைத் தொட்டேன். நெஸ்டர் மெல்லிய குரலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான்.

ஜோடிகள் எழுந்தன. மிஸ்டர் எமிலும் எழுந்து, சட்டையை நீவி விட்டுக்கொண்டு, சுவரோரம் போனார். ஜன்னல் விளிம்பில் இருந்த சோடாவைப் பார்த்தார். பிறகு ஹாலைச் சுற்றிப் பார்த்தார், பிறகு வாசலை. வந்துவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தப் பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.